இந்து சமுத்திரம்
(மன்றத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பேச்சு)



இன்றைய பேச்சுக்கு "இந்து சமுத்திரம்" என்று தலைப்புக் கொடுத்திருந்தேன். அறிவித்தற் பலகையில் அதனைக் கண்ட பெரியவர் ஒருவர் என்னை நிறுத்தி, "தம்பி கடலைப் பற்றிப் பேசப் போறீரோ, இந்து சமயத்தைப் பற்றிப் பேசப் போறீரோ?" என்று கேட்டார். "இரண்டுமில்லை ஐயா, டில்லியிலுள்ள ஒரு றொக் இசைக்குழுவின் பெயர் அது" என்றேன். அவர் முகம் உடனே மாறிவிட்டது. பெரியவர் இன்று இரண்டாவது வரிசையில் இருக்கிறார். அவர் எழுந்து போய்விடாமற் பார்த்துக்கொள்வதே எனது முதற் கடமை.

றொக் இசைக்கும் நமது மன்றத்துக்கும் என்ன சம்பந்தம் என்பது நியாயமான கேள்விதான். அதற்கு விடை சொல்லுமுன் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. சென்ற ஆண்டு விழாவில் நாங்கள் நால்வர் மேடையேறியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இரண்டு கிற்றார், ஒரு கீபோர்ட், ஒரு டிறம். படுவான்கரைக் கிராமமொன்றிலிருந்து ஓர் அண்ணாவியாரை அழைத்து வந்திருந்தோம். அவர் எங்களுக்குச் சொல்லித்தந்த வசந்தன் பாட்டொன்றை அவரையே மத்தளத்துடன் அமர்த்திப் பாடுவதாக ஏற்பாடு. பாட்டுத் தொடங்கியது. எங்கள் டிறம் முழங்கிற்று. இளைஞர்கள் கைதட்டினார்கள். பாட்டு முடியுமுன்னரே அண்ணாவியார் மத்தளத்தைத் துணியாற் போர்த்திக்கொண்டு மேடையை விட்டு இறங்கிப் போய்விட்டார். நாங்கள் அதனைக் கவனிக்கவே இல்லை. முடிந்து வணங்கிய பிறகுதான் ஓர் இடம் வெறுமையாய் இருப்பதைக் கண்டோம்.

இரண்டு நாள் கழித்து மன்னிப்புக் கேட்க அவர் வீட்டுக்குப் போனேன். கோபமே இல்லை. தேநீர் தந்தார். "பாட்டு ஓடுது மனே, எனக்குப் பின்னால ஓட ஏலாது" என்று மாத்திரம் சொன்னார்.

அந்த ஒரு வசனம் என்னைப் பல மாதங்கள் உறங்கவிடவில்லை. அக்காலத்தில்தான் பல்கலைக்கழக விடுதியில் நண்பர் ஒருவர் இந்தக் குழுவின் பாட்டொன்றைத் தமது தொலைபேசியிற் கேட்கச் செய்தார்.

இனி அவர்களின் கதைக்கு வருகிறேன். சுஸ்மித் சென் என்பவர் கிற்றார் வாசிப்பவர். அசீம் சக்கரவர்த்தி என்பவர் தபேலா வாசித்துக்கொண்டே பாடுபவர். இருவரும் 1984 இற் சந்தித்தார்கள். குழு அமைந்ததோ 1990 இல். சுஸ்மித் சென்னின் வாசிப்பைச் சிறிது விளக்க வேண்டும். நம்மில் கிற்றார் பழகுபவர்கள் முதலிற் கற்பது பல தந்திகளை ஒன்றாகச் சேர்த்து மீட்டிப் பாடகனுக்குப் பின்னால் ஒரு மெத்தை விரிப்பதை. அவர் அப்படிச் செய்வதில்லை. வீணை வாசிப்பவர்போல ஒவ்வொரு சுரமாகப் பாட்டை நடத்திச் செல்கிறார். திறந்த தந்திகள் தம்புராவைப்போல் அடியில் ஒலித்துக்கொண்டிருக்கின்றன. வாத்தியம் மேல்நாட்டினது, நடை நம்முடையது.

1991 இல் ராகுல் ராம் என்பவர் பேஸ் கிற்றாருடன் வந்து சேர்ந்தார். இவர் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்திற் சூழலிலுள்ள நச்சுப் பொருள்களைப் பற்றி ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றவர். பட்டத்தை வைத்துக்கொண்டு பதவி தேடாமல் நர்மதை நதி அணைக்கட்டினால் நிலமிழக்கும் மக்களின் இயக்கத்தில் ஈடுபட்டவர். (என் அன்னையார் சபையில் இருக்கிறார், இந்த உதாரணத்தை நான் பின்பற்றப் போவதாக அவர் எண்ணிவிடக் கூடாது.) முதலாவது இசைத்தொகுப்பு 1993 இல் எச்.எம்.வி. மூலம் வெளிவந்தது. அடுத்த ஆண்டு அமித் கிலாம் டிறம் வாசிக்க வந்தார்.

இந்தத் தொடக்க காலத்து இசையிற் சொற்கள் மிகக் குறைவு. கிற்றாரும் தபேலாவும் பேசிக்கொண்டிருக்கும். அசீமின் குரல் சொல்லில்லாமல் அவற்றின்மேல் மிதந்து வரும். 1997 ஆம் ஆண்டு தைமாதம் முதலாந் திகதி டில்லியில் ஒரு திறந்தவெளி நிகழ்ச்சியில் வாசித்ததை அப்படியே பதிவு செய்து "டெசர்ட் றெயின்" என்று வெளியிட்டார்கள். அந்த நிகழ்ச்சி யாருடைய நினைவுக்கு என்பதையும் சொல்ல வேண்டும். சப்தர் ஹஷ்மி என்ற வீதி நாடகக் கலைஞர் 1989 ஆம் ஆண்டின் முதல் நாளன்று நாடகம் நடித்துக்கொண்டிருக்கும்போது தாக்கப்பட்டு மறுநாள் உயிர் துறந்தார். கூத்தாடியவன் களரியிலேயே விழுந்தான் என்பது நமக்குக் கதையன்று. கூத்து வளர்ந்த மண்ணில் இருப்பவர்களுக்கு அது நெஞ்சிற் குத்தும் செய்தி.

பின்னர் வந்தது 2000 ஆம் ஆண்டின் "கந்தீசா". எனது பேச்சு முழுவதும் உண்மையில் இந்த ஒரு தொகுப்பைப் பற்றியதுதான். பத்து ஆண்டுகளாகச் சொல்லின்றி வாசித்த குழுவுக்கு இங்கேதான் நிறைந்த சொற்கள் கிடைத்தன. அவற்றை எங்கே பெற்றார்கள் என்று பாருங்கள். நர்மதைப் பள்ளத்தாக்கில் ராகுல் ராம் கேட்ட நாட்டுப்பாடல் "மா ரேவா" ஆயிற்று. ரேவா என்பது நர்மதையின் பழம் பெயர். நதியைத் தாயாக வணங்கிக் கரையோர மக்கள் பாடும் பாட்டு அது. நமது வாவியோரத்து மக்களுக்கு இந்த உணர்ச்சியை விளக்க வேண்டியதில்லை.

தொகுப்புக்குப் பெயர் தந்த பாட்டோ கேரளத்துச் சுரியானிக் கிறிஸ்தவர்களின் தேவாலயங்களிற் பாடப்படும் பழைய துதி. சுரியானி என்பது அறமேயத்தின் ஒரு வடிவம். இயேசுநாதர் பேசிய மொழியின் உறவு அது. கேரளத்துச் சீரோ மலபார் சபையார் 1962 வரை சுரியானியிலேயே திருப்பலி நடத்தினார்கள். அதன் பின்னரே மலையாளம் புகுந்தது. கந்தீசா என்பதன் கருத்து "பரிசுத்தமானது" என்பதாம். டில்லியிலிருந்த நான்கு பேர், அதிலும் அந்தச் சமயத்தவரல்லாதார், மூல மொழியிலேயே அதனைப் பாடினார்கள்.

நான் படித்தது மிஷன் பாடசாலை. திருநீறு பூசிக்கொண்டு போய், காலை ஜெபத்தில் நின்று, மாலையிற் பிள்ளையார் கோயிலுக்குப் போகும் பிள்ளைகளில் நானும் ஒருவன். இதில் எனக்கு எவ்வித இடர்ப்பாடும் இருந்ததில்லை. 2019 ஏப்ரல் 21 ஆந் திகதி நமது நகரத்துச் சீயோன் தேவாலயத்தில் நேர்ந்ததன் பின்பு பாடசாலை மீண்டும் தொடங்கியபோது, ஜெபத்திற் பாட்டுக்கு எழுந்து நின்றோம். எவருக்கும் குரல் வரவில்லை. ஆசிரியை மாத்திரம் தனியே பாடி முடித்தார். விடுதி அறையில் "கந்தீசா"வைக் கேட்டபோது எனக்கு அந்தக் காலைப்பொழுதுதான் நினைவுக்கு வந்தது. கிற்றார் மெல்ல ஒலிக்கிறது. குரல் அவசரப்படாமல் எழுகிறது. அது நிலைபெற்ற பின்னரே மற்ற வாத்தியங்கள் ஓங்குகின்றன. அண்ணாவியார் சொன்னதன் பொருள் எனக்கு அப்பொழுது விளங்கிற்று. நாங்கள் டிறத்தின் ஓட்டத்தை முதலில் வகுத்துவிட்டு, அதற்குள் வசந்தன் பாட்டை இழுத்துத் திணித்திருந்தோம். அவர்களோ பாட்டின் மூச்சை முதலிற் கேட்டிருக்கிறார்கள்.

2003 இல் "ஜீனி" வந்தது. அதிற் கபீர்தாசரின் பாட்டு ஒன்று. உடலை மெல்லிய துணியாக உருவகித்தது. கபீர் நெசவாளர், முஸ்லிம் நெசவாளர் வீட்டில் வளர்ந்தவர். மருதமுனையின் தறிச் சத்தத்தைக் கேட்டவர்கள் அந்தப் பாட்டுக்குச் சரியான பக்கவாத்தியம் எதுவென்று ஊகித்துக்கொள்ளலாம். அதன்பின் சினிமாவும் அவர்களைத் தேடி வந்தது. 1993 ஆம் ஆண்டுப் பம்பாய்க் குண்டுவெடிப்புகளைப் பற்றிய "பிளாக் பிரைடே" என்னும் படத்துக்கு இசையமைத்தார்கள். வழக்குகளினாற் படம் 2007 இல்தான் இந்தியத் திரைக்கு வந்தது. "பந்தே" என்ற பாட்டு அதற்கு முன்னரே இளைஞர்களின் வாயில் இருந்தது.

2009 டிசம்பர் 25 ஆந் திகதி அசீம் சக்கரவர்த்தி இருதய நோயினாற் காலமானார். குழுவின் குரல் போயிற்று. ஆண்டுக்கணக்காக அவர்கள் ஒத்திகை பார்த்தது டில்லி கரோல் பாக் பகுதியிலிருந்த ஒரு பழைய வீட்டில். அந்த வீட்டின் இலக்கத்தையே பெயராக வைத்து, "16/330 கஜூர் றோட்" என்ற தொகுப்பை 2010 இல், மாதம் ஒரு பாட்டாக, எவரும் காசு கொடுக்காமற் பெற்றுக்கொள்ளும்படி இணையத்தில் வெளியிட்டார்கள். அவற்றில் ஒலித்தது மறைந்தவரின் குரல். இறந்தவர் மாதந்தோறும் வந்து பாடிவிட்டுப் போவதுபோல் இருந்திருக்கும். நமது வீடுகளிற் பலவற்றில் ஒரு பழைய ஒலிநாடாவில் இப்படி ஒரு குரல் இருக்கிறது.

அதன்பின் அவரது இடத்துக்கு இருவர் தேவைப்பட்டார்கள்: பாட ஹிமான்ஷு ஜோஷி, தபேலாவுக்குத் துஹீன் சக்கரவர்த்தி. 2013 இற் சுஸ்மித் சென்னும் விலகினார். நிகில் ராவ் கிற்றாரை ஏற்றார். 2014 இன் "தந்தானு" தொகுப்பில் வெளியிலிருந்து பெரும் வித்துவான்களை அழைத்தார்கள். நமது கர்நாடக வயலின் குமரேஷும் கஞ்சிரா செல்வகணேஷும் அவர்களுள் அடங்குவர். 2023 இல் "து ஹை" வந்தது. சிறப்பானவைதான், எனினும் என் சிற்றறிவுக்குக் "கந்தீசா"வின் அமைதி இவற்றில் இல்லை. கெட்டிக்காரத்தனம் கூடியிருக்கிறது. இளைஞர்களிற் சிலர் இதனை ஒப்புக்கொள்ளமாட்டார்கள். கூட்டம் முடிந்தபின் வாதாடலாம்.

நிற்க. பெரியோர்களுக்கு ஒரு வார்த்தை. கிற்றார் நமது ஊருக்குப் புதிதன்று. மட்டக்களப்புப் பறங்கியர் கலியாண வீடுகளில் வயலினும் கிற்றாரும் றபானும் சேர்ந்து கப்ரிஞ்ஞா ஒலித்த காலத்தை நீங்களே எங்களுக்குச் சொல்லியிருக்கிறீர்கள். பேராசிரியர் வித்தியானந்தன் அவர்கள் 1960களிற் பேராதனை மாணவர்களைக் கொண்டு "கர்ணன் போர்", "இராவணேசன்" முதலிய கூத்துக்களை மேடையேற்றினார்கள். விடியவிடிய ஆடுவதைச் சுருக்கினார்கள். ஆட்டத்தையும் மத்தளத்தையும் கைவிடவில்லை. நமது விபுலாநந்த அடிகளார் யார்? அவரும் மிஷன் பாடசாலையிற் படித்தவரே. விஞ்ஞானமும் கணிதமும் கற்ற அறிவைக் கொண்டு, வழக்கொழிந்த யாழின் சுருதிகளைக் கணக்கிட்டு 1947 இல் யாழ் நூலைத் தந்தார். மறைந்துபோன ஓசையைத் தேடிச் செல்வதற்கு அவருக்கு மேல்நாட்டுக் கல்வி தடையாகவில்லை.

இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. வைகாசியிற் கண்ணகியம்மன் கோயில்களில் வழக்குரை படிக்கும்போது நம்மில் எத்தனை பேர் இறுதிவரை இருக்கிறோம்? குளிர்த்திப் பாடலின் மெட்டை ஒருமுறையாவது முழுதாகக் கேட்டிராதவன் அதனைக் கிற்றாரில் வாசிக்கப் போகிறேன் என்பது, ஊர் தெரியாதவன் வழிகாட்டப் புறப்படுவது போன்றது. இதனை நான் முதலில் எனக்கே சொல்லிக்கொள்கிறேன். கோயிலிற் பாடுவதைக் கோயிலிலேயே விட்டுவிடுவோம். வசந்தன் பாட்டும் நாட்டுக்கவியும் நமக்குப் போதும் என்பது என் எண்ணம். இதிற் பெரியோர்கள் மாறுபடலாம்.

சென்ற வாரம் மறுபடியும் படுவான்கரைக்குப் போனேன். இந்த வருட விழாவுக்கு வருவீர்களா என்று அண்ணாவியாரைக் கேட்டேன். தொலைபேசியில் "மா ரேவா"வைக் கேட்கச் செய்தேன். கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் கேட்டார். "ஆர் மனே இவங்க? ஆத்தங்கரைப் பொடியன்களோ?" என்றார். டில்லிக்காரர் என்றேன். நம்பவில்லை. பிறகு இரண்டு நிபந்தனை சொன்னார். மத்தளம் தொடங்கிய பிறகுதான் கிற்றார் தொடங்க வேண்டும். டிறம் வீட்டிலே இருக்க வேண்டும்.

எங்கள் டிறம் வாசிப்பவர் இதற்கு இன்னும் சம்மதிக்கவில்லை. அவருக்குச் சல்லரி பழக்குவதாக அண்ணாவியார் சொல்லியிருக்கிறார். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குக் கல்லடிப் பாலத்தடியிலிருந்து புறப்படுகிறோம். வர விரும்புகிறவர்கள் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். இரண்டாவது வரிசையிலிருக்கும் பெரியவருக்கு வண்டியில் முன் ஆசனம் ஒதுக்கியிருக்கிறோம்.