போனவரும் போய் வந்தவரும்

(நமது ஜமாஅத் சார்பில் தொடங்கப்பெற்ற மாலைநேர ஆங்கில வகுப்பின் முதல் நாளன்று ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

மதரஸாவில் ஓதியவரை ஆங்கில வகுப்பில் பேச அழைத்திருக்கிறார்களே என்று சிலர் எண்ணக்கூடும். வளைகுடாவிலிருந்து வரும் விசாத் தாளில் அரபு எழுத்து இருப்பதால், அதைப் படித்துச் சொல்லும்படி பலர் என்னிடம் கொண்டு வருகிறார்கள். அந்தத் தொடர்பில்தான் இங்கே நிற்கிறேன்.

முதல் பாடமாக "நாடுகளும் பயணமும்" என்பதை ஆசிரியர் தேர்ந்தெடுத்திருக்கிறார். மிகப் பொருத்தமான தேர்வு. ஆனால் இத்தகைய பாடங்கள் பெரும்பாலும் லண்டனில் தொடங்கிப் பாரிஸில் முடிந்துவிடுகின்றன. நன்னிலம் வட்டாரத்துப் பிள்ளைக்கு அந்த ஊர்கள் படத்தில் பார்த்தவை. துபாயும் தம்மாமும் கோலாலம்பூரும் வீட்டில் தினந்தோறும் புழங்கும் பெயர்கள். பக்கத்திலுள்ள கூத்தாநல்லூரைச் சின்ன சிங்கப்பூர் என்று ஊரார் அழைப்பதை அறியாதவர் இல்லை. கடல் கடந்து பிழைக்கச் சென்றவரைச் சபராளி என்கிறோம். சபர் என்பது பயணத்தைக் குறிக்கும் அரபுச் சொல். அச்சொல்லையே ஒரு வாழ்க்கை முறையின் பெயராக ஆக்கிக்கொண்ட மக்கள் நாம். ஆகவே பாடம் நமது தெருவிலிருந்தே தொடங்கட்டும்.

ஒரு சிறு இலக்கணத்தை எடுத்துக்கொள்வோம். "அத்தா துபாய் போயிருக்கிறார்கள்" என்று பிள்ளை சொன்னால், அத்தா இப்போது துபாயில் இருக்கிறார் என்றும் கொள்ளலாம். முன்பொரு முறை போய் வந்தவர் என்றும் கொள்ளலாம். கேட்பவர் இடம் பார்த்துப் புரிந்துகொள்கிறார். ஆங்கிலம் இவ்விரண்டையும் ஒன்றாக விடுவதில்லை. "ஹேஸ் கான் டு துபாய்" என்றால் போனவர் இன்னும் திரும்பவில்லை. "ஹேஸ் பீன் டு துபாய்" என்றால் போய் வந்துவிட்டார். தேர்வுத் தாளில் இது ஒரு மதிப்பெண் வினா. தந்தை இரண்டாண்டாக ஊர் வராத பிள்ளைக்கு இந்த வேறுபாட்டை விளக்க ஆசிரியர் சிரமப்பட வேண்டியிராது.

கடிகாரப் பாடமும் அப்படியே. ரியாத் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால், துபாய் ஒன்றரை மணி நேரம் பின்னால், சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னால். அத்தாவின் அழைப்புக்காகக் காத்திருக்கும் பிள்ளைகள் இதை முன்பே அறிவார்கள். அதை ஆங்கிலத்தில் சொல்லப் பழகுவதே மீதி வேலை.

குர்ஆன் ஓதும் பிள்ளைக்கு மிஸ்ர் என்ற பெயர் தெரியும். பள்ளியில் ஈஜிப்ட் என்று படிக்கிறது. தமிழில் எகிப்து என்று எழுதுகிறது. மூன்றும் ஒரே நாடு என்பதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. ஹபஷா என்று நாம் வரலாற்றில் ஓதுவது எத்தியோப்பியப் பகுதி. ஸபா நாட்டின் கதை யமனில் நடந்தது. உலகப் படத்தை விரித்து வைத்துக்கொண்டு இரண்டு ஆசிரியர்களும் ஒரு மாலை சேர்ந்து அமர்ந்தால் மதரஸாப் பாடமும் பள்ளிப் பாடமும் கைகோத்துக்கொள்ளும். நாம் மழைக்காகக் காத்திருக்கும் மான்சூன் என்ற ஆங்கிலச் சொல்லும் பருவத்தைக் குறிக்கும் மவ்ஸிம் என்ற அரபுச் சொல்லிலிருந்து பிறந்ததுதான்.

அரபுகள் நமது சோழமண்டலக் கரையை மஃபர் என்றழைத்தனர். கடந்து செல்லும் இடம் என்பது பொருள். 1325இல் வீட்டை விட்டுப் புறப்பட்ட இப்னு பதூதா 1340களில் இக்கரைக்கு வந்து, மதுரை சுல்தானிடம் விருந்தினராக இருந்தார். அவர் பிறந்த மொராக்கோ நகரின் அரபுப் பெயர் தன்ஜா. நமது தஞ்சைக்கும் அதற்கும் உறவு ஏதுமில்லை. பிள்ளைகள் நினைவில் வைக்க உதவட்டும் என்று சொல்கிறேன்.

தாய்மார்களுக்கு ஒரு சொல். பயணப் பாடம் ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் என்று எண்ணிவிடாதீர்கள். 2019இல் வெளிவந்த தமிழக அரசின் பத்தாம் வகுப்பு ஆங்கில நூலில், தாரிணி என்ற பாய்மரக் கலத்தில் கடற்படையின் ஆறு பெண் அதிகாரிகள் உலகைச் சுற்றி வந்த செய்தி பாடமாக இடம்பெற்றது. 2017 செப்டம்பர் 10இல் கோவாவிலிருந்து புறப்பட்டவர்கள் 2018 மே 21இல் கரை திரும்பினார்கள்.

இனி, நான் பேச வந்ததன் முக்கியப் பகுதிக்கு வருகிறேன். 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, பத்தாம் வகுப்புத் தேறாதவரின் பாஸ்போர்ட்டில் பொதுவாகக் குடிபெயர்வுச் சோதனை தேவை என்ற குறிப்பு இடம்பெறும். அவர் வளைகுடா நாடுகளும் மலேசியாவும் உள்ளிட்ட பதினெட்டு நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல முன் அனுமதி பெற வேண்டும். பத்தாம் வகுப்பில் ஆங்கிலத்தில் தோற்று, அத்தோடு படிப்பை விட்ட இளைஞர்கள் இக்குறிப்போடுதான் வெளியேறுகிறார்கள். அனுமதி பெறும் அலைச்சலுக்கு அஞ்சி, சுற்றுலா விசாவில் போய் வேலை தேடலாம் என்று யாரேனும் வழிகாட்டினால் நம்பாதீர்கள். அவ்வாறு சென்றவருக்கு அங்கே ஒப்பந்தம் இல்லை. முறையிட இடமும் இல்லை.

என்னிடம் வரும் தாள்களில் சவூதி விசாவில் "சாயிக் காஸ்" என்ற சொற்களை அடிக்கடி காண்கிறேன். தனியார் வீட்டு ஓட்டுநர் என்று பொருள். கம்பெனியில் டிரைவர் வேலை என்று சொல்லப்பட்டு, இந்தத் தாளோடு வருகிறவர் உண்டு. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று. வீட்டு வேலையாட்கள் அந்நாட்டின் பொதுத் தொழிலாளர் சட்டத்திற்குள் வருவதில்லை. அவர்களுக்குத் தனி விதிகள். டிக்கெட் எடுத்தபின் தாளைக் கொண்டு வந்து நீட்டினால் நான் என்ன செய்ய முடியும்? ஆங்கில ஒப்பந்தத்தில் வேலை, சம்பளம், விடுப்பு என்ற மூன்று வரிகளைத் தானே படிக்கும் அளவுக்கு இவ்வகுப்பு ஒருவரைக் கொண்டு சென்றால், கையொப்பமிடும் முன்பே அவர் கேள்வி கேட்பார். ஐக்கிய அரபு அமீரகம் 2016 ஜனவரியிலிருந்து வேலைவாய்ப்புக் கடிதத்தை அரபு, ஆங்கிலத்தோடு தொழிலாளி அறிந்த மொழியிலும் தரவேண்டும் என்று விதித்தது. அம்மொழிகளில் தமிழும் ஒன்று. இதைக் கேட்டு வாங்கியவர்கள் நம்மில் எத்தனை பேர்?

ஊர் வந்திருக்கும் சபராளிகள் வாரம் ஒருவராக வகுப்பிற்கு வந்து, தாம் சென்ற நாட்டைப் பற்றிப் பேச வேண்டுகிறேன். தமிழில் பேசுங்கள்; பிள்ளைகள் ஆங்கிலத்தில் வினா எழுப்பட்டும். விமான நிலையத்தில் என்ன கேட்டார்கள், என்ன பதில் சொன்னீர்கள் என்பதைச் சொன்னாலே ஒரு பாடம் ஆகும். சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் வருகை அட்டையை இப்போது கைப்பேசியிலேயே முன்கூட்டி நிரப்புகிறார்கள். மலேசியாவில் இது 2024 ஜனவரி முதல் கட்டாயமாயிற்று. அதன் கேள்விகளைக் கரும்பலகையில் எழுதிப் பிள்ளைகளை நிரப்பச் சொல்லலாம். அவ்விரு அரசுகளும் அந்த அட்டைக்குக் கட்டணம் வாங்குவதில்லை. அடுத்த முறை யாரேனும் அதற்குக் காசு கேட்டால், வீட்டிலுள்ள எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் கைப்பேசியைக் கொடுங்கள்.