டயர் பளபளப்பு: எது நிற்கும், எது ஒரு மழையில் போகும்?

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர இயலாதவர்களுக்காக இங்கே தரப்படுகிறது.)



"டயருக்கு எந்தப் பாலிஷ் நல்லது? ஒரு கால் மணி நேரம் பேசுங்களேன்" என்று செயலாளர் கேட்டார். நமது வாட்ஸ்அப் குழுவில் இரண்டு வாரமாக இதே பேச்சுதான். ஒருவர் ஸ்பிரே என்கிறார், ஒருவர் ஜெல் என்கிறார், இன்னொருவர் புதிதாக வந்திருக்கும் கோட்டிங் என்கிறார். நான் மெக்கானிக் இல்லை. பி.காம் படித்துவிட்டு 34 வருடம் வங்கியில் கிளார்க்காக இருந்தவன். ஒரு செலவு என்றால் எவ்வளவு போகிறது, பதிலுக்கு என்ன வருகிறது என்று இரண்டு பத்தி போட்டுப் பார்க்கத் தெரியும். அந்த அளவில் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

டயர் ஏன் பழுப்பாகிறது?

ரப்பரின் இயல்பான நிறம் கறுப்பு இல்லை. வலுவுக்காகவும் தேய்மானத்தைத் தாங்குவதற்காகவும் 'கார்பன் பிளாக்' என்னும் கரித்தூளைச் சேர்க்கிறார்கள். கறுப்பு அதனால் வந்தது. 1898-ல் உருவான மிஷலின் நிறுவனத்தின் டயர் பொம்மை வெள்ளையாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் காலத்து டயர்களின் நிறம் வெளிறியதுதான்.

காற்றில் உள்ள ஓசோன் ரப்பரில் வெடிப்பை உண்டாக்கும். அதைத் தடுக்க டயர் தயாரிக்கும்போதே சில ரசாயனங்களையும் மெழுகையும் கலக்கிறார்கள். வண்டி ஓடும்போது டயர் நெளிந்து நிமிர்கிறது. அப்போது இந்தப் பாதுகாப்புச் சரக்கு உள்ளிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேற்பரப்புக்கு வருகிறது. வெளியே வந்து தன் வேலையைச் செய்து முடித்ததும் பழுப்பாகிறது. ஆக, டயர் ஓரத்தில் தெரியும் பழுப்பு பெரும்பாலும் நோய் அல்ல, மருந்து வேலை செய்ததன் அடையாளம். சாலைத் தூசியும் பிரேக் தூளும் அதோடு சேர்ந்துகொள்கின்றன.

இதில் நம் குடியிருப்புக்குச் சம்பந்தப்பட்ட விஷயம் ஒன்று உண்டு. ஓடாமல் நிற்கும் வண்டியில் இந்தச் சரக்கு மேலே வருவது குறைவு. பிள்ளைகள் வெளிநாட்டில், நாம் வாரம் ஒருமுறை கோயிலுக்கு மட்டும் வண்டி எடுக்கிறோம். கிலோமீட்டர் ஏறாவிட்டாலும் டயருக்கு வயது ஏறுகிறது. கணக்கில் நாங்கள் தேய்மானம் எழுதும்போதும் இதேதான்: பயன்படுத்தாத சொத்துக்கும் வருடா வருடம் மதிப்பு குறையும்.

கடையில் கிடைப்பது மூன்று வகை

முதல் வகை, தண்ணீர் கலந்தது. பால் போல வெள்ளையாக இருக்கும். சிலிக்கான் எண்ணெயைத் தண்ணீரில் நுண்துளிகளாகக் கரைத்தது. காய்ந்ததும் கண்ணைப் பறிக்கும் மினுமினுப்பு வராது, புது டயர் மாதிரி மங்கிய கறுப்பு வரும். ரப்பருக்கு உறுத்தாது. ஆனால் ஆயுள் குறைவு. வெயில் காலத்தில் ஒரு வாரம், சில சமயம் இரண்டு வாரம் நிற்கும். நல்ல மழையில் ஓட்டினால் அன்றே பாதி போய்விடும்.

இரண்டாவது வகை, பெட்ரோலியக் கரைப்பானில் கலந்தது. தெளிவாக, எண்ணெய்ப் பசையாக இருக்கும், வாடை வரும். போட்டவுடன் ஈரம் சொட்டுவது போலப் பளபளக்கும். மழைத் தண்ணீர் உருண்டு ஓடும். முதல் வகையைவிட அதிக நாள் நிற்கும். ஆனால் பிசுபிசுப்பில் தூசி ஒட்டும். நம் ஊர்ச் சாலையில் மூன்றாம் நாளே கறுப்பு மறைந்து செம்மண் பூசிய மாதிரி ஆகிவிடும். ரப்பரும் பெட்ரோலியமும் ஒத்துப்போகாது. அடிக்கடி பூசினால் ரப்பரின் மேல்தோலுக்கு நல்லதல்ல.

மூன்றாவது வகை, காய்ந்து படலமாக இறுகும் கோட்டிங். பாலிமர், செராமிக் என்று பெயர் போட்டு வருகிறது. விலை அதிகம். நன்றாகக் கழுவிய டயரில், சொன்ன முறைப்படி பூசினால் மாதக் கணக்கில் நிற்கும். தொட்டால் கையில் ஒட்டாது என்பதால் தூசியும் குறைவாகவே ஒட்டும். டயரில் பழைய பாலிஷ் மிச்சமிருந்தால் மட்டும் பிடிக்காது, திட்டுத் திட்டாக உரியும்.

பளபளப்பும் ஆயுளும் ஒன்றல்ல

குழுவில் நடந்த விவாதத்தில் பலரும் இந்த இரண்டையும் ஒன்றாகப் பேசினார்கள். முதல் நாள் அதிகம் மின்னுவது எது? மேற்பரப்பில் காயாமல் தேங்கி நிற்கும் பாலிஷ். சக்கரம் சுழலும்போது முதலில் சிதறுவதும் அதுதான். கதவின் கீழ்ப்பகுதியிலும் மட்கார்டிலும் கறுப்புப் புள்ளி வரிசையாகத் தெறித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சிலிக்கான் பெயின்ட் மேல் தங்கினால், பின்னாளில் டிங்கரிங் செய்து பெயின்ட் அடிக்கும்போது அந்த இடத்தில் பெயின்ட் பிடிக்காமல் குழி விழும்.

ஆகவே எந்த வகையானாலும், பூசிப் பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து, உலர்ந்த துணியால் மிகுதியைத் துடைத்து எடுங்கள். மினுக்கு கொஞ்சம் குறையும், ஆனால் டயரில் மிஞ்சியது நிலைத்து நிற்கும். பாட்டிலை மாற்றுவதைவிட இந்த ஒரு துடைப்பு அதிகப் பலன் தரும்.

ஒரு நாளைக்கு எவ்வளவு?

பாட்டில் விலையைப் பார்க்காதீர்கள், ஒரு நாள் செலவைப் பாருங்கள். நான் இங்கே சொல்லும் எண்கள் கணக்கு புரிவதற்கான உதாரணம் மட்டுமே. உங்கள் பாட்டிலின் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் வகை, 500 மில்லி 300 ரூபாய் என்று வைப்போம். நான்கு டயருக்கு ஒரு தடவைக்கு 40 மில்லி செலவானால் 12 தடவை வரும். ஒரு தடவை 7 நாள் நின்றால் 84 நாள். ஒரு நாளைக்குச் சுமார் 3 ரூபாய் 57 காசு.

இரண்டாவது வகை, 500 மில்லி 450 ரூபாய். தடவைக்கு 30 மில்லி என்றால் 16 தடவை. ஒவ்வொன்றும் 15 நாள் நின்றால் 240 நாள். ஒரு நாளைக்குச் சுமார் 1 ரூபாய் 88 காசு.

மூன்றாவது வகை, 1,500 ரூபாய்க்கு இரண்டு தடவை. தடவைக்கு 120 நாள் என்றால் அதுவும் 240 நாள். ஒரு நாளைக்கு 6 ரூபாய் 25 காசு. ஆனால் எட்டு மாதத்தில் இரண்டு முறைதான் குனிய வேண்டும். நம்மில் பலருக்கு முழங்கால் வலியையும் செலவுப் பத்தியில் எழுத வேண்டியிருக்கிறதே!

ஸ்பிரே வாங்குபவர்கள் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அடிப்பதில் ஒரு பங்கு காற்றிலும் தரையிலும் ரிம்மிலும் போகிறது. பஞ்சில் தொட்டுத் தடவினால் அந்த நஷ்டம் இல்லை.

எது அதிக நாள் நிற்கிறது என்று நீங்களே பார்க்க வேண்டுமா? ஒரே வண்டியில் பின்சக்கரங்கள் இரண்டில், இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று பூசுங்கள். முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒப்பிட வேண்டாம். முன்பக்கம் பிரேக் தூள் அதிகம் என்பதால் கணக்கு டேலி ஆகாது. வாரம் ஒருமுறை ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். முத்து முத்தாக உருண்டால் பூச்சு இருக்கிறது, பரவி ஊறினால் போய்விட்டது. தேதியோடு நோட்டில் குறித்து வைத்தால், எந்த விளம்பரமும் தராத பதில் உங்களுக்குக் கிடைக்கும்.

கூடாதவை

பளபளப்பு டயரின் பக்கவாட்டுக்கு மட்டும். தரையைத் தொடும் பட்டன் பகுதியில் ஒரு சொட்டும் படக்கூடாது. பிரேக் பிடிப்பது அந்தப் பகுதியை நம்பித்தான். பிரேக் டிஸ்க் மீதும் படக்கூடாது. ஸ்கூட்டர், பைக் டயருக்கு இது எதுவுமே வேண்டாம். வளைவில் சாயும்போது டயரின் ஓரமும் சாலையைத் தொடும்.

டீசல், மண்ணெண்ணெய், பழைய இன்ஜின் ஆயில் தடவும் வழக்கத்தை இன்றோடு விடுங்கள். கருகருவென்று தெரியும், ஆனால் ரப்பர் அதை உறிஞ்சி உப்பி மென்மையாகும். வண்டி துடைக்க வரும் தம்பிகளைக் குறை சொல்லிப் பயனில்லை. "டயர் கறுப்பாகத் தெரியணும்" என்று கேட்பது நாம். பாலிஷ் வாங்கித் தராதபோது கையில் கிடைப்பதைத் தடவுகிறார்கள். நல்ல பாலிஷும் ஒரு ஜோடி ரப்பர் கையுறையும் நாமே வாங்கிக் கொடுப்போம். கரைப்பான் தினமும் படுவது அவர்கள் தோலில்.

கூட்டத்தில் ஒருவர் தேங்காய் எண்ணெய் தடவலாமா என்று கேட்டார். வேண்டாம், தூசி அப்பிக்கொண்டு சிக்கு நாற்றம்தான் மிஞ்சும். கிளிசரினைத் தண்ணீரில் கலந்து தடவலாமா என்று இன்னொருவர் கேட்டார். ரப்பருக்குக் கெடுதல் இல்லை, தாராளமாகத் தடவலாம். ஆனால் தண்ணீரில் கரையும் பொருள், முதல் மழையோடு சரி.

பார்க்கிங் தரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிலிக்கான் சிந்திய தரை ஈரமானால் கடுமையாக வழுக்கும். சாய்தளத்தின் அருகே கால் வழுக்கியதாக இரண்டு பெரியவர்கள் என்னிடம் சொன்னார்கள். நம் வயதில் இடுப்பு எலும்பு முறிந்தால் எழுந்து நடக்க எத்தனை மாதம் ஆகும் என்று உங்களுக்கே தெரியும். பூசும்போது கீழே பழைய அட்டையோ செய்தித்தாளோ விரியுங்கள். சிந்தினால் சோப்புத் தூள் போட்டு உடனே தேய்த்துக் கழுவுங்கள்.

பளபளப்புக்குக் கீழே என்ன இருக்கிறது?

நான் பேச ஒப்புக்கொண்டதே இந்தப் பகுதிக்காகத்தான். பாலிஷ் போட்ட டயரில் மெல்லிய வெடிப்பு கண்ணுக்குத் தெரியாது. எண்ணெய் உள்ளே போய்க் கீறலை மறைத்துவிடும். பழைய கார் வாங்கும்போது வண்டி நிறுத்துமிடத்தில் டயர் எல்லாம் ஏன் அப்படி மின்னுகின்றன என்று யோசியுங்கள். மாதக் கணக்கில் நின்ற வண்டியை, டயர் பளபளக்கிறது என்ற தெம்பில், குடும்பத்தோடு நேரே நெடுஞ்சாலைக்கு எடுப்பதும் நம் குடியிருப்பில் நடப்பதுதான். கோடை வெயில், குறைந்த காற்று, வெடித்த ரப்பர், நூறு கிலோமீட்டர் வேகம். நான்கும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆகவே மாதம் ஒருமுறை, பாலிஷ் போடும் முன், சோப்புத் தண்ணீரும் பிரஷும் கொண்டு டயரைக் கழுவுங்கள். நுரை பழுப்பாக வருவது நின்று வெள்ளையாக வரும்வரை தேயுங்கள். உலர்ந்ததும் நான்கு விஷயங்களைப் பாருங்கள்.

1. வெடிப்பு: பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். ஆழமான கீறலோ புடைப்போ இருந்தால் டயர் கடைக்குப் போங்கள்.

2. வயது: பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. ஒரு பக்கம் இல்லாவிட்டால் உட்பக்கம் இருக்கும். 5 ஆண்டு தாண்டினால் வருடம் ஒருமுறை தெரிந்தவரிடம் காட்டுங்கள். 10 ஆண்டு ஆகிவிட்டால் பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும் மாற்றிவிடுங்கள். ஸ்டெப்னிக்கும் இதே கணக்குதான்.

3. தேய்மானம்: பள்ளங்களுக்குள் குறுக்கே சிறு மேடுகள் இருக்கும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் மிச்சம் 1.6 மில்லிமீட்டர்தான். அதற்குக் கீழே போகக்கூடாது என்பது சட்டம்.

4. காற்று: எவ்வளவு இருக்க வேண்டும் என்பது பெரும்பாலான வண்டிகளில் ஓட்டுநர் கதவின் சட்டத்தில் ஒட்டியிருக்கும். நிற்கும் வண்டியிலும் மாதம் சுமார் 1 பி.எஸ்.ஐ. இறங்கும். டயர் சூடாவதற்கு முன் பார்க்க வேண்டும்.

இந்த நான்கும் சரியாக இருந்தால், பிறகு எந்தப் பாலிஷ் என்பது உங்கள் விருப்பம். என்னைக் கேட்டால், திறந்த வெளியில் நிறுத்தி தினமும் ஓட்டுபவர்களுக்கு மூன்றாவது வகை. கூரையின் கீழ் நிறுத்தி எப்போதாவது எடுப்பவர்களுக்கு முதல் வகையே போதும். எதுவும் பூசாமல் சோப்புத் தண்ணீரில் கழுவி மட்டும் வைத்தாலும் டயருக்கு ஒரு குறையும் வராது.

சங்கத்துக்கு இரண்டு வேண்டுகோள். பார்க்கிங்கில் டயர் பாலிஷ் போட, சாய்தளத்தைவிட்டுத் தள்ளி ஒரு மூலையை ஒதுக்குங்கள். பொதுவாக ஒரு காற்றழுத்த கேஜ் வாங்கி செக்யூரிட்டி அறையில் வையுங்கள்.

இந்த இதழ் வந்த அடுத்த ஞாயிறு காலை 7 மணிக்கு நான் பார்க்கிங்கில் இருப்பேன். டயர் வயதைப் படிக்கத் தெரியாதவர்கள் வாருங்கள், சேர்ந்து பார்க்கலாம். டார்ச்சும் மூக்குக் கண்ணாடியும் கொண்டுவர மறக்காதீர்கள். அந்த இலக்கங்கள் மிகச் சிறியவை.