பிடி இறுகும் காலம்

புத்தாண்டு நாளிலும் எச்.ஐ.வி. பற்றியோ கதை என்று முகம் சுழிக்க வேண்டாம்.

இந்தக் கிருமி தொற்றினால் எங்கள் உடம்பு பிறபொருளெதிரிகளை உண்டாக்கும். முதல் சில மாதங்களில் அவை கிருமியை இறுகப் பிடிக்க மாட்டா. நாள் போகப் போகத்தான் பிடி இறுகும். ஆய்வுகூடத்தில் அவற்றைக் கிருமியின் புரதத்தோடு ஒட்டவிட்டு, யூரியா போன்ற கரைசலால் கழுவிப் பார்ப்பார்கள். ஊரில் தோட்டத்துக்குப் போட்டோமே, அதே யூரியாதான். பெரும்பாலும் கழன்றால் தொற்று புதிது. பிடித்து நின்றால் பழையது.

ஒரு நகரில் நோய் இப்போது எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்று கணக்கெடுக்க இது உதவும். தனி ஒருவருக்குத் தீர்ப்புச் சொல்ல உதவாது. மருந்து எடுப்பவரிலும், நோய் முற்றியவரிலும் பழைய தொற்றே புதிதுபோலக் காட்டக்கூடும். ஆகவே, "நீ கொண்டு வந்தியா, நான் கொண்டு வந்தேனா?" என்ற புருசன் பெண்சாதிச் சண்டைக்கு இதைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள்.

சோதித்தால் கனடாவில் இருக்க விடமாட்டார்கள் என்று சிலருக்குப் பயம். குடிவரவு மருத்துவப் பரிசோதனையில் 2002 முதல் எச்.ஐ.வி. சோதனையும் உண்டுதான். ஆனால் அகதியாக ஏற்கப்பட்டவரை மருத்துவச் செலவைக் காட்டி மறுக்கச் சட்டத்தில் இடமில்லை. ஒன்ராறியோவில் 1992 முதல் பெயர் சொல்லாமல் சோதிக்கவும் வழியுண்டு.

மருந்தை ஒழுங்காக எடுத்து, இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து நின்றால், உடலுறவால் மற்றவருக்குத் தொற்றாது. "எப்ப வந்தது, ஆரால் வந்தது" என்று விசாரிப்பதை விட்டு, சோதித்து மருந்தைத் தொடங்குவதே குடும்பத்தைக் காக்கும்.