கங்கை வந்தால் போதுமா? குளம் வேண்டாமா?

(கங்கைகொண்டானில் நடந்த ‘வகுப்பறைக் கல்விக்கு இணையம் துணையா? தொல்லையா?’ என்ற பட்டிமன்றத்தில், ‘துணையே’ என்ற அணியில் பேசியது)

தமிழால் உங்களையும், கடிகாரத்தால் எங்களையும் கட்டிப்போட்டிருக்கிற நடுவர் அவர்களே!  

எனக்கு முன்னால் பேசிய அம்மையார், ‘செல்போன் வந்தது, பிள்ளைகள் படிப்பு போனது’ என்று முடித்தார். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். ஆனால் உட்கார்ந்ததும் அம்மையார் செய்த முதல் வேலை என்ன தெரியுமா? செல்போனை எடுத்து, தான் பேசியது சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்தார்! (சிரிப்பு) பேச்சாளருக்குத் துணையாக இருக்கிற கருவி, மாணவனுக்கு மட்டும் தொல்லையா நடுவர் அவர்களே?

அவர் சொன்ன ஆன்லைன் வகுப்புக் கூத்தெல்லாம் உண்மைதான். ஆசிரியர் ‘கேக்குதாடே?’ன்னு கேட்டா, நாப்பது பேரும் ‘கேக்குது சார்’ங்கான். ‘புரியுதாடே?’ன்னு கேட்டா, நாப்பது வீட்லயும் ஒரே நேரத்துல நெட் போயிருது! (சிரிப்பு, கைதட்டல்)

ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடினோம். ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை படித்த பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தது 2021 நவம்பர் 1-ஆம் தேதி. அந்தக் காலத்தில் இணையம் வகுப்பறைக்குத் துணையாகவா வந்தது? வகுப்பறையே இல்லையே! மாப்பிள்ளைத் தோழனைக் கொண்டுபோய் மணவறையில் உட்கார வைத்துவிட்டு, ‘இவன் சரியில்லையே’ என்றால் எப்படி? (சிரிப்பு) தோழனைத் தோழன் இடத்தில் வையுங்கள். அவன் நல்லவன்தான்.

எதிரணித் தம்பி ஒரு கேள்வி கேட்டார். ‘ஒரு வீடு, ஒரு போன், மூன்று பிள்ளைகள். யார் படிப்பது?’ இந்தக் கேள்வியை நான் சிரித்துத் தள்ளிவிடப் போவதில்லை. அந்தப் போனும் பகலில் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். ராத்திரி எட்டு மணிக்கு வரும். வந்ததும் முதலில் யார் கைக்குப் போகும்? அண்ணன் கைக்கு. அப்புறம் தம்பி கைக்கு. அக்கா பாத்திரம் கழுவிவிட்டு வரும்போது சார்ஜ் தீர்ந்திருக்கும். (அமைதி) எத்தனை வீட்டில் இது நடந்தது என்று இங்கே இருக்கிற தாய்மார்களுக்குத் தெரியும்.

அதற்கு மருந்து என்ன? போனைப் பிடுங்குவதா? இல்லை. திரையை வீட்டிலிருந்து வகுப்பறைக்குக் கொண்டு வருவது! வீட்டில் இருக்கிற போன், வீட்டில் யார் பெரியவரோ அவருக்கு. வகுப்பறையில் இருக்கிற திரை, முதல் பெஞ்சில் இருக்கிற பெண்ணுக்கும் கடைசிப் பெஞ்சில் இருக்கிற பையனுக்கும் சமம். (கைதட்டல்)

தமிழ்நாடு இந்த வழியில் படிப்படியாக நடந்திருக்கிறது. 2011-ல் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. 2018-ல் வந்த புதிய பாடநூல்களில் கறுப்பு வெள்ளைக் கட்டமாக க்யூஆர் கோடு அச்சிட்டார்கள். போனைக் காட்டினால் பாடம் படமாக ஓடும். 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி வந்தது. அடுத்த வருடமே கொரோனா! போன் இல்லாத வீட்டிலும் டிவி இருந்தது. அண்ணனும் தங்கையும் சேர்ந்து உட்கார்ந்து பாடம் பார்த்தார்கள்.

அதோடு வேலை முடிந்ததா? இல்லை. 2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். தன்னார்வலர்கள் சாயங்காலத்தில் தெருத்தெருவாகப் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். ஏன்? திரை சொல்லும்; ஆனால் பிள்ளை முகம் வாடுவதைத் திரை பார்க்காது. பார்ப்பதற்கு ஒரு மனிதர் வேண்டும்.

வள்ளுவப் பெருந்தகை இதை எப்போதோ யோசித்துவிட்டார். நாற்பதாம் அதிகாரம் கல்வி. நாற்பத்திரண்டாம் அதிகாரம் கேள்வி. நாற்பத்து மூன்றாம் அதிகாரம்தான் அறிவுடைமை. கல்வி என்று பாடி முடித்தவர், கேள்விக்கு ஏன் தனி அதிகாரம் வைத்தார்? படித்தால் மட்டும் போதாது, கற்றவர் வாயால் கேட்கவும் வேண்டும். அந்தக் கேள்விக்கு இன்று இணையம் உதவுகிறது. ஆனால் தமிழில் கேள்வி என்ற சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டே! ‘சார், எனக்குப் புரியலை’ என்று கேட்பதும் கேள்விதான். முதல் கேள்விக்கு இணையம் போதும். இரண்டாவது கேள்விக்கு ஆசிரியர் வேண்டும். (கைதட்டல்)

உங்கள் ஊரை வைத்தே சொல்கிறேன். இந்தப் பக்கம் ஓடுகிற சிற்றாறு சீவலப்பேரிக்குப் போய்த் தாமிரபரணியில் கலக்கிறது. முக்கூடற்பள்ளு பாடுகிற முக்கூடல் அந்த ஊர்தான். தமிழ் வகுப்பில் அதை நடத்தும்போது, ‘மூன்று ஆறு கூடும் இடம்’ என்று கரும்பலகையில் எழுதினால் பையன் தேர்வுக்கு மனப்பாடம் செய்வான். அதே வகுப்பில், செயற்கைக்கோள் எடுத்த வரைபடத்தை ஆசிரியர் திரையில் விரிக்கட்டும். குற்றாலத்தில் விழுந்த தண்ணீரோடு விரலை நகர்த்திக்கொண்டே வரட்டும். ‘லேய், அந்தா எங்க ஊரு! அந்தா எங்க பாலம்!’ன்னு பிள்ளைகள் எழுந்து நின்றுவிடும். இலக்கியம் எங்கேயோ மதுரைச் சங்கத்தில் இல்லை, தன் ஊர் ஆற்றோடு ஓடுகிறது என்று அந்த நிமிடம் தெரியும். அப்போது படத்தை நிறுத்திவிட்டு ஆசிரியர் பேச வேண்டும். அந்த நிறுத்துகிற இடம் இருக்கிறதே, அதுதான் ஆசிரியம்!

இதே ஊரில் எல்காட் அமைத்த தகவல் தொழில்நுட்பப் பூங்கா இருக்கிறது. சிப்காட் வளாகத்தில் சூரிய மின்தகடு செய்கிறார்கள். வேலை ஊர் வாசலுக்கு வந்து நிற்கிறது. கணினியைத் தொல்லை என்று பிள்ளையின் கையிலிருந்து பிடுங்கிவிட்டால், அந்த வாசலில் யார் உள்ளே போவார்கள், யார் வெளியே சைக்கிளுக்குக் காவல் நிற்பார்கள்? எதிரணி பதில் சொல்லட்டும்.

நிறைவாக ஒன்று. இந்த ஊரின் பெயர், கங்கை வரை படை அனுப்பி வென்ற ராஜேந்திர சோழனின் விருதுப்பெயர். அவன் குடம் குடமாகக் கங்கை நீரைக் கொண்டுவரச் செய்தான். வந்த நீரைத் தெருவிலா கொட்டினான்? கங்கைகொண்ட சோழபுரத்தில் சோழகங்கம் என்று பெரிய ஏரியே வெட்டினான்! இணையம் இன்றைக்கு நம் வீட்டுக்கு வந்த கங்கை. கரையில்லாமல் வந்தால் வெள்ளம். எதிரணி பயப்படுவது அந்த வெள்ளத்துக்குத்தான். வகுப்பறை என்ற குளத்தில் தேக்கி, எந்த வயலுக்கு எவ்வளவு என்று பார்த்து மடை திறந்துவிட ஓர் ஆசிரியர் நின்றால், கடைமடையில் இருக்கிற பயிருக்கும் தண்ணீர் போகும். அந்தக் கடைமடைப் பயிர்தான், பாத்திரம் கழுவிவிட்டு வந்து அணைந்த போனைப் பார்த்த நம் வீட்டுப் பெண் பிள்ளை.

கங்கைக்குப் பயந்து குளத்தை மூடாதீர்கள். கரையைப் பலப்படுத்துங்கள். எனவே நடுவர் அவர்களே, வகுப்பறைக் கல்விக்கு இணையம் துணையே, துணையே என்று தீர்ப்புச் சொல்லுங்கள் எனக் கேட்டு அமர்கிறேன்.