துபாய் போன கொத்தனார்



வேலைக்காக வளைகுடா நாடுகளுக்குப் போகிறவர்கள் நம் நாட்டில் ஏராளம். ஐக்கிய அரபு அமீரகத்தில் மட்டும் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் வாழ்கிறார்கள். அந்த நாட்டின் பெரிய நகரம் துபாய். ஒரு பக்கம் கடல். மறுபக்கம் பாலைவனம்.

புது ஊர், புதுப் பேச்சு, புதுப் பழக்கம். அங்கே போகிறவர் எப்படி வாழப் பழகுவது? ஒரு கொத்தனாரின் கதையைக் கேட்போம்.

அவருக்கு ஊர் ராஜஸ்தானில் உள்ள சூரு. அதுவும் பாலைவன ஊர்தான். 2019 ஜூன் மாதம் அங்கே வெப்பம் 50 டிகிரியைத் தாண்டியது. "மணலில் பிறந்தவனை மணல் என்ன செய்யும்?" என்று சொல்லிச் சிரித்தார் கொத்தனார்.

தாளைப் படித்தார்

துபாயில் மாதம் 1,500 திர்ஹாம் சம்பளம் என்றார் ஏஜென்ட். திர்ஹாம் என்பது அந்த நாட்டுப் பணம். "இங்கே ஒரு கையெழுத்துப் போடு, போதும்" என்று ஒரு தாளை நீட்டினார்.

முன்பென்றால் கொத்தனார் கைநாட்டு வைத்திருப்பார். இப்போது அவர் முதியோர் வகுப்பில் இந்தி படித்தவர். தாளை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தார். அதில் 900 திர்ஹாம் என்று இருந்தது. விசாவும் வேலை விசா அல்ல. சுற்றிப் பார்க்கப் போகிறவருக்குத் தரும் விசா. அந்த விசாவில் போய் வேலை செய்வது அங்கே குற்றம். பிடிபட்டால் கூலியும் போகும், மானமும் போகும்.

கொத்தனார் கையெழுத்துப் போடவில்லை. அரசிடம் பதிவு பெற்ற வேறொரு ஏஜென்டிடம் போனார். அங்கே வேலைக் கடிதம் அரபியிலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருந்தது. 2016 முதல் அமீரகத்தில் இப்படி ஒரு முறை வந்தது. வேலைக் கடிதத்தைத் தொழிலாளியின் மொழியிலும் தர வேண்டும். அந்த மொழிகளில் இந்தி, தமிழ், மலையாளம், உருது, வங்காளம் எல்லாம் உண்டு.

கொத்தனார் பத்தாம் வகுப்புத் தேறாதவர். அப்படிப்பட்டவர்கள் அமீரகத்துக்கு வேலைக்குப் போகுமுன் இந்திய அரசின் குடிபெயர்வு அனுமதி பெற வேண்டும். அதையும் பெற்றார்.

லட்டு மூட்டை

புறப்படும் நாள் வந்தது. மகனுக்காக அம்மா கோந்து லட்டு செய்து கட்டினார். பக்கத்து வீட்டுக்காரர் வளைகுடாவில் இருந்து திரும்பியவர். அவர் ஓடி வந்தார்.

"அம்மா, லட்டில் கசகசா போட்டீர்களா?"

"கசகசா இல்லாமல் கோந்து லட்டா?"

"அப்படியானால் அதை எடுத்துவிடுங்கள். அந்த நாட்டில் கசகசாவுக்குத் தடை. போதைப் பொருள் சட்டப்படி சிறைக்கே போக நேரும்."

அம்மா கண் கலங்கினார். ஆனாலும் மூட்டையைப் பிரித்தார். லட்டு பேரப்பிள்ளைகளுக்குப் போனது.

நம் ஊரில் சாதாரணமாகக் கிடைக்கும் சில மாத்திரைகளுக்கும் அங்கே கட்டுப்பாடு உண்டு. மருந்து கொண்டு போகிறவர் முதலில் விசாரிக்க வேண்டும். மருத்துவர் எழுதிய சீட்டையும் உடன் வைத்துக்கொள்ள வேண்டும். என்ன இருக்கிறது என்று தெரியாத பொட்டலத்தை யார் கொடுத்தாலும் வாங்கக் கூடாது.

இந்த வெயில் வேறு

ஜூலை மாதம். துபாயில் வெயில் 42 டிகிரி. "எங்கள் ஊரைவிடக் குறைவுதான்" என்று கொத்தனார் வேலையில் இறங்கினார். தண்ணீர் குடிக்கக்கூட நிற்கவில்லை. காலை பதினொரு மணிக்குத் தலை சுற்றியது. கால் தசை இழுத்துக்கொண்டது. அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

ஏன் இப்படி? சூருவின் வெயில் காய்ந்த வெயில். அங்கே வியர்வை உடனே காயும். வியர்வை காயும்போதுதான் உடல் குளிரும். துபாய் கடலோர நகரம். காற்றில் ஈரம் அதிகம். வியர்வை வழியும், ஆனால் எளிதில் காயாது. அதனால் உள்ளே சூடு ஏறிக்கொண்டே போகும்.

உடன் வேலை செய்த தெலங்கானாக்காரர் வயதில் மூத்தவர். அவர் கொத்தனாரை நிழலுக்குத் தூக்கிப் போனார். சட்டையைத் தளர்த்தினார். ஈரத் துணியால் உடம்பைத் துடைத்தார். உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தார்.

"தம்பி, தாகம் எடுக்கும்வரை காத்திருக்காதே. அடிக்கடி குடி. சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம்" என்றார். "பேச்சுக் குழறினாலோ, நினைவு தவறினாலோ உடனே 998-க்குப் போன் செய்ய வேண்டும். ஆம்புலன்ஸ் வரும்."

இன்னொன்றும் சொன்னார். ஆண்டுதோறும் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் 12.30 முதல் 3 மணி வரை, திறந்த வெயிலில் வேலை வாங்கக் கூடாது. அது அந்த நாட்டுச் சட்டம். அந்த நேரம் ஓய்வுக்குரியது.

மனிதர்களைப் பழகினார்

ஒரு விடுமுறை நாளில் கொத்தனார் அல் ஃபஹீதி என்ற பழைய பகுதிக்குப் போனார். அங்குள்ள வீடுகளின் மேல் உயரமான கோபுரங்கள் இருந்தன. மேலே வீசும் காற்றைப் பிடித்துக் கீழே அறைக்குள் இறக்கும் கோபுரங்கள் அவை. மின்விசிறி இல்லாத காலத்து வேலை. தடித்த சுவர்களைத் தடவிப் பார்த்தார். தன் ஊர் ஹவேலி வீடுகள் நினைவுக்கு வந்தன. "இவர்களும் நம்மைப் போல வெயிலோடு வாழ்ந்தவர்கள்தான்" என்று நினைத்தார். அதன் பிறகு அந்த ஊர் அவருக்கு அந்நியமாகத் தெரியவில்லை.

ஒரு வீட்டில் வேலை முடிந்தது. வீட்டுக்காரர் பேரீச்சம்பழமும் சிறு கிண்ணத்தில் காப்பியும் கொடுத்தார். குடித்ததும் மறுபடி ஊற்றினார். மறுத்தால் தவறாகுமோ என்று கொத்தனார் ஆறு கிண்ணம் குடித்தார். பிறகு வீட்டுக் காவலாளி ரகசியம் சொன்னார்: "போதும் என்றால் கிண்ணத்தை இப்படி லேசாக ஆட்டு." எல்லோரும் சிரித்தார்கள்.

ரமலான் மாதம் வந்தது. முஸ்லிம்கள் பகல் முழுவதும் தண்ணீர்கூட அருந்தாமல் நோன்பு இருந்தார்கள். கொத்தனார் அவர்கள் முன்னால் சாப்பிடவில்லை. ஒதுக்கி வைத்த அறையில் போய்ச் சாப்பிட்டார். அந்த மாதம் எல்லாத் தொழிலாளிகளுக்கும் தினம் இரண்டு மணி நேரம் வேலை குறைவு. மாலையில் பந்தல்களில் இலவச உணவு. யார், எந்த மதம் என்று யாரும் கேட்கவில்லை.

அனுமதி இல்லாமல் யாரையும் படம் எடுக்கக் கூடாது, பெண்களிடம் தானாகக் கை நீட்டக் கூடாது என்றும் கற்றார். அரபியில் நன்றிக்கு "சுக்ரன்" என்று சொல்லப் பழகினார்.

பாஸ்போர்ட்டை மட்டும் யாரிடமும் விட்டுவைக்கவில்லை. தொழிலாளியின் பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்து வைக்கக் கூடாது. 2021-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் அதைத் தடுக்கிறது. வேலைக் கடிதத்தின் நகல் ஒன்றை மனைவியிடமும் கொடுத்திருந்தார். இந்தியத் துணைத் தூதரகத்தின் தொலைபேசி எண்ணையும் அதிலேயே எழுதி வைத்திருந்தார்.

தம்பியின் கேள்வி

ஓர் ஆண்டு ஆனது. ஊரிலிருந்து தம்பி போன் செய்தான்.

"அண்ணா, நானும் துபாய் வருகிறேன். எனக்கும் வெயில் பழக்கம்தானே?"

"வெயில் பழக்கம் என்றுதான் நானும் வந்தேன். முதல் மாதமே மயங்கி விழப் பார்த்தேன். தெரியும் என்ற நினைப்பை ஊரில் விட்டுவிட்டு வா. இங்கே கேட்டுக் கேட்டுக் கற்கலாம்."

"சரி அண்ணா. ஏஜென்ட் ஒரு தாள் கொடுத்திருக்கிறார். நாளைக்குக் கையெழுத்துப் போட வேண்டுமாம்."

"தாளை எடு. முதல் வரியிலிருந்து எனக்குப் படித்துக் காட்டு" என்றார் கொத்தனார்.

தம்பி படிக்கத் தொடங்கினான்.