கிணற்றடியிலிருந்து கட்டுவோம்



1990இல் போரால் யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கை விட்டு ஓடிய சனம், கால் நூற்றாண்டு கழித்துத் திரும்பி வந்தபோது என்ன கண்டது? வீடு இல்லை, வேலி இல்லை. ஒழுங்கை எது, வளவு எது என்று தெரியாத பற்றைக்காடு. பலர் தங்கள் காணியை அடையாளம் கண்டது கிணற்றை வைத்துத்தான். கட்டு உடைந்து, உள்சுவரில் ஆலங்கன்று முளைத்திருந்தாலும் கிணறு அசையவில்லை. "இது எங்கட கிணறு. அப்ப குசினி இந்தப் பக்கம்" என்று காலடியால் அளந்து, இல்லாத வீட்டை நிலத்தில் கீறிக் காட்டினார்கள். போரில் சிதைந்த ஊரை எங்கிருந்து கட்டத் தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு நான் அந்த இடத்தைத்தான் காட்டுவேன்.

நிலாவரைக் கிணற்றை நீங்கள் எல்லோரும் எட்டிப் பார்த்திருப்பீர்கள். மேலே நல்ல தண்ணீர். ஆழம் போகப் போக உப்பு. குடாநாடு முழுவதும் அப்படித்தான். நமக்கு வற்றாத ஆறு கிடையாது. வழுக்கையாறும் மாரியில் மட்டும் ஓடுவது. ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற மழை சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, உப்புநீருக்கு மேலே மெல்லிய படையாய் நிற்கிறது. அதைத்தான் குடிக்கிறோம், அதைத்தான் தோட்டத்துக்கும் இறைக்கிறோம். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழே இருக்கும் உப்பு மேலே ஏறும். ஏறியதை இறக்குவது இலேசில்லை.

இந்த நிலத்தின் மேல் நாம் எப்படிக் கட்டுகிறோம்? போருக்குப் பிறகு வந்த காசில், முற்றம் முழுக்கச் சீமெந்துக் கல் பதித்து, கூரைத் தண்ணீரைக் குழாய் வைத்து வீதி வாய்க்காலுக்கு விடுகிறோம். இரண்டு பரப்புக் காணிக்குள்ளே கிணறும் மலசலகூடக் குழியும் அருகருகே. சுன்னாகத்தில் மின் நிலையத்தின் கழிவெண்ணெய் கிணறுகளில் மிதந்ததை மறந்துவிட்டோமா? 2019இல் உச்ச நீதிமன்றம் நட்டஈடு கட்டச் சொன்னது. கெட்டுப்போன கிணற்றுக்கு எந்த நீதிமன்றத்தால் தண்ணீர் ஊற்ற முடியும்?

மணலையும் பாருங்கள். வீடு கட்டுவதற்கென்று மணற்காட்டிலும் குடத்தனையிலும் மணல்மேடுகளை அள்ளினார்கள். அந்த மேடுகள் மழைநீரைத் தேக்கி வைப்பவை, கடலை மறிப்பவை. ஒரு ஊரைக் கட்ட இன்னொரு ஊரின் காவலை அள்ளுவது மீள்கட்டுமானம் ஆகாது. இதற்கிடையில் செல் விழுந்து இடிந்த வீடுகளின் பொழிகல்லும் ஓடும் வளவுகளில் குவிந்து கிடந்தன. பயன்படக்கூடிய கல்லையும் குப்பை என்றே ஏற்றி அனுப்பினோம்.

இடிபாட்டை என்ன செய்வது என்று யோசிக்கும்போது போலந்தின் வார்சோ நகரத்தை நினைக்கிறேன். 1945இல் அந்த நகரத்தின் கட்டடங்களில் ஏறத்தாழ 85 விழுக்காடு அழிந்திருந்தன. யூதர்களை அடைத்து வைத்து அழித்த முரானுவ் பகுதியில் இடிபாடுகளை அள்ளி முடியவில்லை. கட்டடக் கலைஞர் போஹ்தான் லாஹெர்ட் அந்தக் குவியல்களின் மேலேயே, இடிந்த செங்கல்லை நொறுக்கிச் சீமெந்தோடு குழைத்து வார்த்த கற்களால் குடியிருப்புகளை எழுப்பினார். ஒரு கொடுமையின் மேல் வீடு கட்டுவது சரியா என்ற கேள்வி அங்கே இன்னும் இருக்கிறது. அந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். ஆனால் இடிந்ததை நொறுக்கி மறுபடி சுவராக்கும் கைவினை நமக்கும் வேண்டியதுதான்.

இங்கே என்ன நடக்கப் பார்த்தது? வடக்கு கிழக்கில் 65,000 இரும்புப் பொருத்து வீடுகள் என்று ஒரு திட்டம் வந்தது. கடல் உப்புக்காற்று அடிக்கும் ஊரில் இரும்புச் சட்டம்! நம்முடைய மேசனுக்கு அதிலே வேலை இல்லை. மகள் கலியாணத்துக்கு ஒரு அறை கூட்டிக் கட்டவும் வழியில்லை. சனமும் பொறியியலாளர்களும் எதிர்த்து நின்றார்கள். அது அந்த அளவில் நிறைவேறவில்லை. அதற்கு முன் இந்திய உதவியில் வந்த வீட்டுத்திட்டத்தில் பெரும்பாலான இடங்களில் காசு கட்டம் கட்டமாக வீட்டுக்காரர் கையிலே வந்தது. அவர்களே கல் அரிந்தார்கள், மேசனைப் பிடித்தார்கள், வாசல் எந்தத் திசை என்று தீர்மானித்தார்கள். கொடுத்த ஐந்தரை இலட்சம் ரூபா காணாமல் கடன்பட்ட குடும்பங்களும் உண்டு. அதை மறைத்துப் பேச நான் வரவில்லை. தொகை கூடியிருக்க வேண்டும். ஆனால் முறை சரி. குடியிருக்கப் போகிறவரின் கை படாத வீடு எங்கள் வெயிலுக்கும் மாரிக்கும் நிற்காது.

நம் பழைய நாற்சார் வீட்டை நினைத்துப் பாருங்கள். தடித்த சுண்ணாம்புச் சுவர், பனைமர வளை, ஓட்டுக்கூரை. நடுமுற்றத்தில் விழுந்த மழை அந்த வளவுக்குள்ளேயே போய்ச் சேரும். எல்லோரும் இன்றைக்கு அப்படிக் கட்ட முடியாது என்பது தெரியும். பனைக்கே வழியில்லை, போர்க்காலத்தில் தறித்துப் பதுங்குகுழிக்கு அடுக்கிய பனைகளுக்குக் கணக்கு உண்டா? ஆனால் மழையை வளவுக்குள் இறக்கும் அந்தப் புத்தியைச் சீமெந்து வீட்டிலும் வைக்கலாம். வளவைப் போல ஊரின் குளங்களும் மழையை இறக்குபவைதான். 2021இல் ஆரியகுளத்தைச் சீர்ப்படுத்தியபோது நகரத்தின் நடுவே ஒரு குளத்தை மீட்கலாம் என்று கண்டோம். மற்றக் குளங்கள் பலவும் வாய்க்கால்களும் இன்னும் குப்பைக்குள் கிடக்கின்றன.

மாநகரசபை உறுப்பினர்கள் இந்த அவையில் இருக்கிறீர்கள். உங்களிடம் நேராகவே கேட்கிறேன். வீட்டுப் படத்துக்கு அனுமதி கொடுக்கும்போது, கூரைத் தண்ணீர் எங்கே இறங்குகிறது என்று கேளுங்கள். கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையே எத்தனை அடி என்று போய் அளந்து பாருங்கள். இடிக்கிற சுவரின் கல்லை நொறுக்கிக் கொடுக்க ஒரு இயந்திரமும், அதை வைக்க ஒரு காணியும் ஒதுக்குங்கள். அடுத்த வரவு செலவுத் திட்டத்திலேயே அதற்குக் காசு வையுங்கள்.