ஃபைலிலிருந்து சமுத்திரத்துக்கு
(மும்பையில் நடந்த அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



ரிடையரான பின் என்ன செய்கிறீர்கள் என்று கேட்பவர்களிடம் "எழுதுகிறேன்" என்பேன். "க்ஷேத்ர மகாத்மியமா?" என்று ஆவலாகக் கேட்பார்கள். "கடல் மட்டம்" என்றதும் பேச்சு அதோடு நின்றுவிடும். இன்று நீங்கள் எழுந்து போக முடியாது, காபி பிறகுதான்!

நான் பௌதிகத்தில் பி.எஸ்ஸி. பிறகு முப்பத்தாறு வருஷம் அரசாங்க ஆபீஸில் ஃபைல்களுக்கு நோட் எழுதினேன். விஞ்ஞானத்தை மறுபடி தொட வைத்தது என் அகத்துக்காரிதான். "பனி உருகினா கடல் உசரும்கறா. டம்ளர்ல ஐஸ் உருகினா ஜூஸ் வழியறதில்லையே?" என்றாள்.

சரியான கேள்வி. மிதக்கும் ஐஸ் தன் எடைக்குச் சமமான நீரை ஏற்கெனவே விலக்கிவிட்டது. உருகினால் மட்டம் அநேகமாக மாறாது. ஆர்க்டிக்கில் மிதப்பது அந்த ரகம். கிரீன்லாந்து, அண்டார்டிகா, இமயமலை இவற்றின் பனி தரைமேல் இருப்பது. அது உருகிக் கடலுக்கு வந்தால், டம்ளரில் புதிதாக ஐஸ் போட்ட மாதிரி. இன்னொன்று, சூடேறினால் நீர் விரியும் என்ற பழைய பாடம். பூமியில் சேரும் அதிகப்படி வெப்பத்தில் 90 சதவீதத்துக்கு மேல் கடல்தான் வாங்கிக்கொள்கிறது. 1971 முதல் 2018 வரையிலான உயர்வில் ஏறக்குறைய பாதி இந்த விரிவால் வந்தது.

இதை அவளுக்காக இரண்டு பக்கம் எழுதினேன். புரியாத வரிகளைப் பென்சிலால் கோடிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். இன்றுவரை என் எடிட்டர் அவள்தான்.

ரேச்சல் கார்சன் என்ற அமெரிக்க அம்மையாரும் அரசாங்க உத்தியோகஸ்தர்தான், மீன்வளத் துறை. 1935ல் அத்துறைக்காகக் கடல் உயிர்கள் பற்றி ரேடியோவுக்கு எழுதத் தொடங்கினார். 1951ல் 'தி சீ அரௌண்ட் அஸ்' வந்து அமோகமாக விற்றது. 1952ல் வேலையை விட்டார். எனக்கு அவ்வளவு தைரியம் ஏது? பென்ஷன் வரும்வரை காத்திருந்தேன்.

1901 முதல் 2018 வரை உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்தது. ஒரு சாண்கூட இல்லையே என்பீர்கள். முதல் எழுபது வருஷம் ஆண்டுக்கு 1.3 மில்லிமீட்டர், 2006-2018ல் 3.7. வேகத்தைத்தான் கவனிக்கணும். இதை எழுதி அனுப்பினால் ஒரு பத்திரிகை 'மும்பை மூழ்கும்' என்று தலைப்புப் போட்டுவிட்டது. கட்டுரையில் அந்த வார்த்தையே கிடையாது. மறுப்புக் கடிதம் போட்டேன், வரவில்லை. பயமுறுத்தினால் ஜனங்கள் முதலில் அலறுவார்கள், அப்புறம் கொட்டாவி விடுவார்கள்.

விஷயம் வேறு. 2005 ஜூலை 26ல் சாந்தாகுருஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. தண்ணீரில் மணிக்கணக்காக நடந்து வீடு சேர்ந்தவர்கள் இங்கேயே இருப்பீர்கள். நம் மழைநீர்க் கால்வாய்கள் பலவற்றின் வாய், கடல் ஏற்றத்தின் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. ஏற்றத்தின்போது மழைத்தண்ணீர் வெளியே போக வழியில்லை. கடல் இன்னும் கொஞ்சம் உயர்ந்தால், அந்த வாய் இன்னும் கொஞ்ச நேரம் அடைபட்டிருக்கும். ஊர் மூழ்குமா என்பதைவிட, பெய்த தண்ணீர் வடியுமா என்பதுதான் எனக்குக் கவலை.

"மாமா, கடல் தெரியற ஃப்ளாட், வாங்கலாமா?" என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. "எத்தனாவது மாடி என்பது இருக்கட்டும். தெருத் தண்ணீர் எங்கே போறது, ஏற்றத்தின்போது எத்தனை நேரம் நிக்கறதுன்னு பில்டரைக் கேளு" என்பேன். போன மாதம் ஒரு பையன் கேட்டுவிட்டு வந்தான். பில்டருக்குத் தெரியவில்லையாம். வாட்ச்மேன் சொன்னாராம்.